கரடி திரும்பிப் பார்க்கும் காட்சி

எங்கள் ஸ்டுடியோவில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுவதில்லை. யார் எந்தப் பாத்திரத்தை வரைகிறாரோ அதுதான் அவர் பெயர். படம் முடிந்து அடுத்த படம் தொடங்கினால் பெயரும் மாறிவிடும். நான் வாத்தாக இருந்திருக்கிறேன், பூட்டு உடைக்கத் தெரியாத திருடனாக இருந்திருக்கிறேன், ஒரு படம் முழுக்க மந்திரியின் மைத்துனனாக இருந்திருக்கிறேன். கதாநாயகியாக மட்டும் இருந்ததே இல்லை. "உங்க கைக்கு அழகு வராது சார், உயிர் வரும்" என்று ஒரு டைரக்டர் சொன்னார். அது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பளம் வந்தது, வரைந்தேன்.

சேர்ந்த புதிதில் நடுப்படம் வரைகிற வேலை. கை மேலே இருக்கிற படத்தை மூத்தவர் வரைவார், கை கீழே வந்துவிட்ட படத்தையும் அவரே வரைவார், நடுவில் அந்தக் கை இறங்கி வருகிற அத்தனை படங்களும் நம் தலையில். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் தாள்மேல் தாளாக வைத்து, ஐந்து தாளை விரல்களுக்கிடையில் கோத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும். பல வருஷம் அப்படி யார் யாருடைய கையையோ இறக்கிய பிறகுதான் எனக்கென்று ஒரு பாத்திரம் கிடைத்தது. அப்புறம் ஒன்று மாற்றி ஒன்று வந்தது. கடைசியாகக் கரடி.

இதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. நாங்கள் வரைந்து முடித்த பிறகு யாரோ வந்து குரல் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். தலைகீழ். முதலில் குரல். நடிகர் பேசி முடித்த பதிவை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, எந்த ஃபிரேமில் உதடு மூடுகிறது, எந்த ஃபிரேமில் வாய் திறக்கிறது, எங்கே நாக்கு பல்லைத் தொடுகிறது என்று நீளமான ஒரு ஷீட்டில் கட்டம் கட்டமாக எழுதித் தருவார். நொடிக்கு இருபத்து நான்கு கட்டம். அதைப் பார்த்துத்தான் நாங்கள் வாய் வரைவோம், வாயோடு முகம், முகத்தோடு உடம்பு. குரல் சொல்கிறபடி பாத்திரம் நடக்கும்.

அந்த ஷீட் எழுதுகிறவள்தான் என் மனைவி. ஸ்டுடியோவில் அவளுக்கு 'வாயக்கா' என்று பெயர். வாய் எழுதுகிற வேலை ஒரு காரணம். மற்ற காரணத்தை அவளோடு ஐந்து நிமிஷம் இருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். நான் வாத்தாக இருந்த காலத்தில், வாத்து அலகை இரண்டு ஃபிரேம் தாமதமாக மூடிவிட்டது என்று சண்டை போட என் மேசைக்கு வந்தாள். அந்தச் சண்டை முடிகிறபாடாக இல்லை, கல்யாணம் செய்துகொண்டோம்.

கரடிப் படத்தில் கரடி ஒரு பெண். ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கிறவள். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் திட்டுவாள். ஆற்றையும் திட்டுவாள். அவளிடம் அநாதையாக ஒரு சின்னப் பெண் வந்து ஒட்டிக்கொள்கிறாள். படம் முடியும்போது அந்தப் பெண் வளர்ந்து, படித்துப் பிழைக்க அக்கரைக்குப் போகிறாள். இவ்வளவுதான் கதை. கரடிக்குக் குரல் கொடுக்கப் பெரிய நடிகையைப் பேசிவைத்திருந்தார்கள், ஆனால் அவருக்குத் தேதி இல்லை. குரல் இல்லாமல் நான் வரைய முடியாது. பாட்டுக்கு டிராக் பாடி வைப்பதுபோல, இப்போதைக்கு யாராவது பேசி வைத்தால் போதும் என்றார்கள்.

டைரக்டர் யோசிக்கவே இல்லை. "வாயக்கா, நீங்க பேசுங்க. நடிக்க எல்லாம் வேண்டாம். உங்க வீட்டுக்காரர நெனச்சுக்கங்க, போதும்" என்றார்.

"அதுக்குப் பேப்பர்ல எழுதின வசனம் எதுக்கு? சும்மாவே வருமே" என்றாள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் பேச, அதை அவளே கேட்டு ஷீட் எழுத, அதைப் பார்த்து நான் வரைய, படம் வளர்ந்தது. வீட்டில் திட்டு வாங்கிவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்து அதே குரலில் திட்டு வாங்கச் சம்பளம் தருகிறார்கள் என்று நரி வரைகிறவர் கேலி செய்தார். படத்தில் முக்கால்வாசி அப்படித்தான் முடிந்தது.

பிறகு அவள் செத்துப்போனாள். அதற்கு முன்னுரை ஒன்றும் கிடையாது. காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு ஷீட் எழுத உட்கார்ந்தாள். பேனா கீழே விழுந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து மேசைக்காரி கத்தியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு நான் உள்ளே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அவர் சொன்ன வேகத்துக்குத் தலையாட்டினேன் என்பதுதான் நினைவில் இருக்கிறது.

மச்சான் வந்து ஒரு வாரம் கூட இருந்தார். அவளுக்கு மூத்தவர். என்னை அழவைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்ற தீர்மானத்தோடு வந்தவர் மாதிரி இருந்தார்.

"மாப்ள, அழுதுடுங்க. உள்ளேயே வெச்சுக்கிட்டா ஒடம்புக்கு ஆகாது."

"வரல மச்சான். வந்தா அழமாட்டேனா?"

பழைய போட்டோக்களை எடுத்துப் பரப்பினார். பார்த்துப் பார்த்து அவரே தேம்பினார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். கிளம்பும்போது, "கல்லு மாதிரி இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்ற பயமாவது வர வேண்டும், அதுவும் வரவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். என் மேசையில் யாரோ டீ வைத்திருந்தார்கள், ஆறிப்போயிருந்தது. ஹெட்போனை மாட்டினேன். விட்ட இடத்தில் கரடி நின்றுகொண்டிருந்தாள். "ஏறுற கால ஒழுங்கா வெச்சு ஏறு, படகு என்ன உங்க மாமனார் வீடா?" என்றாள் என் மனைவி, செத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத என் மனைவி. சுற்றி இருந்தவர்கள் பென்சிலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஹெட்போனில் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் நினைத்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. இது எங்கள் தொழிலில் இருக்கிற ஒரு கோளாறு. ஒரு வசனத்தை வரைந்து முடிக்க அதை நூறு தடவை, இருநூறு தடவை கேட்க வேண்டியிருக்கும். பத்தாவது தடவையில் அர்த்தம் போய்விடும். முப்பதாவது தடவையில் பேசுகிற ஆள் போய்விடுவார். அப்புறம் இருப்பது வெறும் சத்தம்தான்: இங்கே உதடு மூடு, இங்கே திற, இங்கே குவி. ஒன்றரை வருஷமாக அவள் குரலை நான் அப்படித் தேய்த்து வைத்திருந்தேன். சோப்புக்கட்டி மாதிரி. என் பெண்டாட்டி குரலைக் கேட்டு நான் உடைந்துபோவேன் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருக்க, நான் "மாமனார்" என்ற வார்த்தையில் உதடு இரண்டு முறை மூடுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நிலைமை வேறு. என் மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய போனில் அம்மா அனுப்பிய குரல் மெசேஜ் சில இருந்தன. 'வரும்போது பல்பு வாங்கிட்டு வா', 'எங்கடி இருக்க', அந்த மாதிரி. அவற்றை அவள் எண்ணெய் தீர்ந்துபோகிற விளக்கைப் போல வைத்துக்கொண்டாள். தினம் கேட்கமாட்டாள். தாங்காதபோது ஒன்றே ஒன்று கேட்பாள், கதவைச் சாத்திக்கொண்டு. நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். கதவு வழியாக "எங்கடி இருக்க" என்று கேட்கும். இதில் உதடு ஒரு இடத்திலும் மூடவில்லை என்று என் மண்டை தானாகக் கணக்குப் போடும்.

டைரக்டர் ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். கதவைச் சாத்தினாலே விஷயம் அவருக்கு வலிக்கிறது என்று அர்த்தம்.

"நடிகைக்குத் தேதி கெடச்சிடுச்சு சார். போன வாரம் வந்து மொத்தத்தையும் பேசிக் குடுத்துட்டாங்க. புரொடியூசருக்கு அவங்க பேர் போஸ்டர்ல வேணும். ஆனா…"

"சொல்லுங்க."

"வாயக்கா குரல்லயே படம் வரணும்னு நீங்க சொன்னா, நான் புரொடியூசர்கிட்ட சண்டை போடுவேன். ஜெயிச்சும் காட்டுவேன். முடிவ நீங்க எடுங்க. நான் எடுத்தா அது நல்லாருக்காது."

"ரெண்டுல எது நல்லாருக்கு?"

அவர் மேசையைப் பார்த்தார். "திட்டுற எடத்துல எல்லாம் வாயக்காவ அடிச்சுக்க ஆளே கெடையாது. கடைசி சீன் மட்டும்… நீங்களே கேளுங்க. பாதி அவங்க, பாதி இவங்கன்னு வெக்க முடியாது இல்லையா."

மகளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டாள்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? அம்மா குரல்தான். வேற என்ன?"

"படத்துக்கு எது சரியோ அத…"

"படம், படம். அம்மா இருந்தப்பவும் படம்தான். ஊருக்கே கேக்கட்டும்பா அம்மா குரல். எனக்கு போன்ல பல்பு வாங்கிட்டு வான்னு மட்டும்தான் இருக்கு. நீங்க அந்தக் குரல எடுத்தீங்கன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன். அழக்கூட மாட்டேங்கறீங்க, குரலையாவது விட்டு வைங்க."

சரியான கோபம். அவள் அம்மாவின் கோபம். "நீயும் வந்து கேளு. கேட்டுட்டு நீ சொல்றதுதான்" என்றேன். முடிவை அவள் தலையில் கட்டிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஒலிப்பதிவு அறையில் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்தோம். ஒலிப்பதிவாளர் கடைசிக் காட்சியை இரண்டு குரலிலும் எடுத்து வைத்திருந்தார். காட்சி இதுதான்: பெண் பெட்டியோடு அக்கரைப் படகில் ஏறி நிற்கிறாள். கரடி கரையில் நின்று சொல்கிறாள், "போயிட்டு வா. நான் எங்க போகப்போறேன், இங்கதான் இருப்பேன்."

முதலில் நடிகை. படம் இல்லை, வெறும் குரல். "போயிட்டு வா" என்று சொல்லி நிறுத்தினார். அந்த நிறுத்தத்திலேயே ஒரு பெண் பிள்ளையைப் பிரிகிற துக்கம் எல்லாம் வந்துவிட்டது. "நான் எங்க போகப்போறேன்" என்பது கொஞ்சம் கரகரத்தது. "இங்கதான் இருப்பேன்" பாதி மூச்சில் முடிந்தது. ஒலிப்பதிவாளர் எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாரோ, அவர் கண்ணே கலங்கியது.

அடுத்து என் மனைவி. "போயிட்டு வா நான் எங்க போகப்போறேன் இங்கதான் இருப்பேன்." ஒரே மூச்சு. கேஸ்காரனிடம் சிலிண்டரைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டுப் போ என்று சொல்கிற தொனி.

மகள் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, குபீரென்று சிரித்துவிட்டாள். அம்மா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

"என்னப்பா இது, அம்மா இவ்ளோ மோசமாவா பேசியிருக்காங்க?"

"ஏழு தடவ எடுத்தோம்மா. இதுதான் அதுல சுமார்" என்றார் ஒலிப்பதிவாளர்.

அவள் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "அந்த நடிகையே பேசட்டும்பா. நம்ம அம்மாவுக்கு இது வரல. அம்மாவே இருந்திருந்தா அவங்களும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

உண்மை. என் மனைவி இருந்திருந்தால், "என்ன கண்றாவி இது, நடிகையப் போடுங்க" என்று அவள்தான் முதலில் சொல்லியிருப்பாள். நானும் அந்த அறைக்குள் வரும்போதே அந்த முடிவோடுதான் வந்தேன். மகள் சம்மதிக்கமாட்டாள் என்பதால் எனக்கு அந்த முடிவு சுலபமாக இருந்தது. அவள் ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவரை நான் கையைக் கட்டிக்கொண்டு நியாயம் பேசலாம். இப்போது அவள் விட்டுவிட்டாள்.

"ஒரு தடவ மறுபடி போடுங்க" என்றேன்.

"எது சார், நடிகையா?"

"இல்ல. எங்க வீட்டம்மா."

போட்டார். எங்கள் வீட்டு வாசல் படியில் குப்பைப் பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டே, நிமிராமல், "போயிட்டு வாங்க, சாவி எடுத்துக்கிட்டீங்களா" என்பாள். ஒவ்வொரு காலையும் அப்படித்தான். மகள் முதன்முதலாக வேலைக்குப் போன நாளிலும் அப்படித்தான், என் அப்பா இறந்து நான் ஊருக்குக் கிளம்பிய நாளிலும் அப்படித்தான். ஆசையாக ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அதனால் கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு வேகமாகச் சொல்லித் தொலைப்பாள். மைக் முன்னால் அவளுக்கு நடிக்கத் தெரியாமல் இல்லை. அந்த வார்த்தையை அவள் வேறு எப்படியும் சொன்னதே இல்லை.

வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. மகள் என் கையைப் பிடித்தபடி முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவாளர் காத்திருந்தார். "சரி" என்றேன். அவர் என் மனைவியின் பதிவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதைப் பிறகு கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

குரல் மாறியதால் வாய்கள் எல்லாம் மாற வேண்டும். புதிதாக ஒரு பெண் ஷீட் எழுத வந்திருந்தாள், கையெழுத்து மணிமணியாக இருந்தது. படம் நெடுக நான் கரடியின் உடம்பை அப்படியே விட்டுவிட்டு வாயை மட்டும் அழித்து வரைந்துகொண்டே போனேன். பெரும்பாலும் அது ஒப்பேறியது. கடைசிக் காட்சியில்தான் சிக்கிக்கொண்டது.

அந்தக் காட்சியை நான் என் மனைவியின் குரலுக்கு வரைந்திருந்தேன். குரல் அப்படி என்பதால் கரடியும் அப்படி. குனிந்து படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பாமலே சொல்வாள். அந்த உடம்புக்கு நடிகையின் குரலைப் போட்டுப் பார்த்தால், யாரோ அழுகிறார்கள், யாரோ கயிறு சுருட்டுகிறார்கள் என்று இருந்தது. ஒட்டவில்லை. டைரக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"சார், இந்தக் கொரலுக்கு அவ திரும்பிப் பாக்கணும். கயிற விட்டுட்டு, திரும்பி, ஒரு பார்வை. அவ்ளோதான். அந்தப் பார்வை வந்துடுச்சுன்னா படம் ஜெயிச்சிடும்."

"பழச எடுத்துடவா?"

"எடுத்துடுங்க" என்றார். சொல்லிவிட்டு, "கஷ்டமா இருந்தா வேற ஆளக் குடுக்கறேன்" என்றார்.

"வேற ஆளுக்கு என் கரடி வராது" என்றேன். தொழில் திமிர். அது மட்டும் மரத்துப்போகாமல் இருந்தது.

பார்வை வரவில்லை. எங்கள் மேசை ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி இருக்கும். பாத்திரம் என்ன முகம் காட்ட வேண்டுமோ அதை நாமே கண்ணாடியில் காட்டிப் பார்த்து வரைவோம். அந்த அறைக்குள் புதிதாக யாராவது வந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள். நான் கண்ணாடியைப் பார்த்து, பிள்ளையைப் பிரிகிற தாயாக முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். வரித் துறையிலிருந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. என் முகத்தில் அந்த நாட்களில் எதுவும் ஏறாது. என் மனைவி எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன், அவள் குனிந்த தலைதான் நினைவுக்கு வந்தது, உச்சி வகிட்டில் நரை ஓடிய குனிந்த தலை. அது உபயோகப்படாது.

பிறகு நடிகை பேசியபோது எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். பேசுகிறவர் முகம் எங்களுக்கு உதவும் என்று பதிவின்போதே எடுத்து வைப்பார்கள். வசனத்தை முடித்தார். காகிதத்தைத் தாழ்த்தினார். மெல்லத் திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த டைரக்டரைப் பார்த்தார். புருவம் ஒரு நூல் மேலே ஏறியது, உதடு பிரிந்து நின்றது, கண் எதிராளியின் முகத்தில் எதையோ தேடியது. சரியாக வந்ததா, இன்னொரு தடவை பேசட்டுமா என்று கேட்கிற பார்வை. வேறொன்றும் இல்லை. டைரக்டர் ஓகே என்று கை காட்டியதும் சட்டென்று முகம் மாறி, தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

அந்தப் பார்வையைத்தான் எடுத்துக்கொண்டேன். ஓகே காட்டுவதற்கு முன்னால் நிறுத்தி, அந்தப் புருவத்தையும் அந்த உதட்டையும் கரடிக்கு வைத்தேன். நாலு வாரம் ஆயிற்று. வண்ணம் ஏற்றுவதற்கு முன்னால் பென்சில் கோட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்தோம். நரிக்காரர், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர், எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாயக்காவ கொண்டாந்துட்டீங்களேயா" என்றார். பழைய தாள்களைக் கட்டி, கிழிக்கிற கூடையில் போட்டேன். கயிறு சுருட்டுகிற கரடி, கட்டுக் கட்டாக. வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்களா என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. யாரும் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

படம் வந்தது, ஓடியது. முப்பது வருஷத்தில் நான் வரைந்ததில் ஊருக்குத் தெரிந்தது அந்த ஒரு பார்வைதான். போஸ்டரில் அதுதான். பேட்டி எடுக்க வந்த பெண், "மனைவி இறந்த பிறகு வரைஞ்சீங்களாமே, அதான் சார் இவ்ளோ உண்மையா இருக்கு" என்றாள். "அப்படியா" என்றேன். அடக்கம் என்று எழுதிவிட்டாள்.

மகளோடு தியேட்டருக்குப் போனது படம் வந்து சில நாட்களுக்குப் பிறகு. மதியக் காட்சி, நல்ல கூட்டம். திட்டுகிற இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பேசியிருந்தால் கூரை பிய்ந்திருக்கும் என்று நினைத்தேன், கணக்குப் போடுவதுபோல நினைத்தேன், அவ்வளவுதான். கடைசிக் காட்சி வந்தது. பெண் பெட்டியோடு படகில் நின்றாள். கரடியின் கையிலிருந்து கயிறு நழுவியது. "போயிட்டு வா" என்றாள். திரும்பினாள். பார்த்தாள். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மகள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற அழுகை இல்லை. முகம் மலர்ந்து, கண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் தோளில் சாய்ந்தாள்.

"அம்மாவேதான்பா. நான் ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப எல்லாம் வாசல்ல நின்னு இப்படித்தான் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் திரையைப் பார்த்தேன். அது ஒரு நடிகை, சரியாக வந்ததா என்று கேட்கிறார். உன் அம்மா யாரையும் அப்படிப் பார்த்ததே இல்லை கண்ணு, உன்னையும் இல்லை, என்னையும் இல்லை. அவள் குனிந்த தலையோடு சாவி எடுத்தாயா என்று கேட்பாள், அவளை நான்தான் கட்டுக் கட்டாகக் கூடையில் போட்டேன். இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா, உங்கம்மா இப்படித்தான் பாப்பா" என்றேன்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மச்சான் ஒரு வாரம் கிடையாய்க் கிடந்தும் வராத அழுகை, நெஞ்சைப் பிடித்துக் குலுக்கி எடுத்துவிட்டது, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவினாள். "அழுங்கப்பா, நல்லா அழுங்க" என்றாள். கடைசியில் அப்பாவுக்கும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்.